எட்டுப் பேரும் கூட்டிய பதின்மூன்று

என் மகளும் உங்களோடுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். யார் என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள், அதனால் விட்டுவிடுகிறேன். போன வாரம் வீட்டுக்கு வந்தவள் கைப்பேசியை என் முன்னால் நீட்டினாள். அதில் இருந்த ஒரு பையனின் பெயரை விரலால் மறைத்துக்கொண்டுதான் நீட்டினாள், அந்த மட்டும் புத்தி இருக்கிறது.

"அப்பா, இவனுக்கு 'அதிக ஆபத்து'ன்னு வந்திருக்கு. திட்டம் எழுதணும். என்ன எழுதட்டும்?"

"வீட்டைப் போய்ப் பார்த்தியாம்மா?"

"இன்னும் இல்லப்பா. ஆனா ஆப்ல எல்லாக் கேள்விக்கும் பதில் போட்டாச்சு. அதுவே கூட்டிக்கிச்சு."

அதுவே கூட்டிக்கொண்டதாம்! எனக்குச் சோறு இறங்கவில்லை. எங்கள் காலத்தில் குறைந்தபட்சம் தப்பாகக் கூட்டுவதற்காவது ஓர் ஆள் வேண்டியிருந்தது. அன்றைக்கே காகிதமும் பேனாவும் எடுத்துவிட்டேன். அவளுக்கு மட்டும் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவாள். அதனால் உங்கள் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், பிள்ளைகளே. நான் பத்தாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

நான் வேலை பார்த்தது கூர்நோக்கு இல்லத்தில். வழக்கில் சிக்கிய, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் இடம். காவலராகச் சேர்ந்து, பிறகு வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதும் களப்பணிக்கு வந்தேன். ஒரு பையனை வீட்டுக்கு அனுப்பலாமா, தூரத்தில் இருக்கிற சிறப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டுமா என்று முடிவு செய்வது இளைஞர் நீதிக் குழுமம். அவர்கள் நம் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரிந்ததுதான் என்று நினைத்துத்தான் நானும் மாட்டிக்கொண்டேன்.

அந்த வருஷம் சென்னையிலிருந்து ஒரு படிவம் வந்தது. பதினெட்டுக் கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் மதிப்பெண். பன்னிரண்டுக்கு மேல் போனால் 'அதிக ஆபத்து', அதாவது வெளியே விட்டால் மறுபடி குற்றம் செய்வான். அதை எப்படி நிரப்புவது என்று மூன்று நாள் பயிற்சி. யார் போவது? எல்லாருக்கும் சம்பா நடவு இருந்தது. எனக்கு நிலம் இல்லை. ஆகவே நான் போனேன். திரும்பி வந்ததும் கண்காணிப்பாளர், "நீங்கதான் இனிமே நம்ம ஆளுங்களுக்குச் சொல்லித் தரணும்" என்றார். நான் பயிற்றுநரான கதை இவ்வளவுதான்.

சாப்பாட்டுக் கூடத்தில் எட்டுப் பேரை உட்காரவைத்தேன். காவலர்கள், களப்பணியாளர்கள், சமையல்காரர் உட்பட. அதில் ஜமீலா என்ற பெண் வேலைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கடற்கரையோர ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள். பட்டப் படிப்பு முடித்தவள். கேள்வி கேட்காமல் அவளால் ஒரு டீகூடக் குடிக்க முடியாது.

பயிற்சிக்கு மாதிரி வழக்கு ஒன்றைச் சென்னையிலேயே அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அதை நான் பஸ்ஸில் தொலைத்துவிட்டேன். சரி, மாதிரி எதற்கு, உண்மையான வழக்கே இருக்கிறதே என்று அன்று காலை மேசையில் இருந்த கோப்பை எடுத்தேன். இதைக் கோடு போட்டுப் படித்துக்கொள்ளுங்கள். என் வேலைக் காலத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். உயிரோடு இருக்கிற ஒரு பையனின் வழக்கை எடுத்துப் பயிற்சிக் கணக்கு போட்டுப் பார்த்தேன்.

பையன் பெயர் இளங்கோ. பதினாறு வயது. திருப்பனந்தாளைத் தாண்டி ஒரு கிராமம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டார்கள் அந்த வருஷம். ஆற்றில் வரத்துக் குறைவு என்றால் வாரத்துக்கு ஒரு நாள், இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று பிரித்துக்கொள்வதுதான் முறை. இவன் முறை முடிவதற்குள் பக்கத்து வயல்காரர் தங்கராசு மடையை அடைத்துவிட்டார். இவன் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து அவர் மண்டையில் போட்டான். ஏழு தையல். போலீஸ் கொண்டுவந்து விட்டது.

நான் கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

"ஆயுதம் பயன்படுத்தினானா?"

சமையல்காரர் கை தூக்கினார். "சார், மண்வெட்டி ஆயுதத்துல வருமா, சாமான்ல வருமா?"

"மண்டையில பட்டா ஆயுதம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். மூன்று மதிப்பெண்.

"பள்ளியை விட்டு நின்றுவிட்டானா?" ஆமாம், மூன்று. "தந்தை வீட்டில் இல்லையா?" இல்லை, குவைத்தில் கட்டட வேலை. மூன்று. "தன்னைவிட வயதில் மூத்தவர்களோடு பழக்கமா?" இரண்டு. "பெரும்பாலான பொழுது வீட்டுக்கு வெளியே கழிகிறதா?" இரண்டு. மற்றக் கேள்விகளுக்கெல்லாம் சுழி. பழைய வழக்கு இல்லை, குடி இல்லை, ஒன்றும் இல்லை.

தந்தை கேள்வியிலேயே ஜமீலா எழுந்து நின்றுவிட்டாள்.

"சார், இந்தக் கேள்விக்கு எங்க தெருவுல வீட்டுக்கு வீடு மூணு மார்க் போடலாம். எங்க அத்தா பத்து வருஷம் சவுதியில, தம்மாம்ல இருந்தாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா வருவாங்க. அப்ப நானும் அதிக ஆபத்துதானா?"

"இருக்கும்மா, இருக்கும்" என்றார் ஒரு காவலர். மறுபடியும் சிரிப்பு.

"அது சென்னையில யோசிச்சு எழுதினது ஜமீலா. நாம அர்த்தம் சொல்லக் கூடாது. ஆளுக்கு ஆள் அர்த்தம் சொல்லித்தான் இத்தன நாளா குட்டிச்சுவரா போச்சு. கேட்கிறதுக்குப் பதில் போடு. கூட்டு."

"கேள்வியே தப்பா இருந்தா சார்?"

"உக்காரும்மா!"

உட்கார்ந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டினாள். எட்டுப் பேருக்கும் பதின்மூன்று வந்தது. எட்டுப் பேருக்கும்! எனக்குப் பிடிபடாத பெருமை. சென்னையில் எங்களுக்குள்ளேயே பத்து என்றும் பதினைந்து என்றும் வந்து சண்டை போட்டோம். இங்கே சமையல்காரர்கூடச் சரியாகக் கூட்டிவிட்டார். எட்டுப் பேருக்கும் ஒரே விடை வந்ததால் அது உண்மை என்று நினைத்துவிட்டேன். எட்டுப் பேரும் ஒரே காகிதத்தைப் பார்த்தார்கள், அதனால் ஒரே விடை. இது தோன்ற எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, அந்தத் தாளையே அறிக்கையோடு குத்தி, 'அதிக ஆபத்து, சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம்' என்று எழுதி, திங்கட்கிழமை சாயங்காலமே குழுமத்துக்கு அனுப்பிவிட்டேன். அமர்வு வியாழக்கிழமை. கண்காணிப்பாளர் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை ஜமீலா யாரையும் கேட்காமல் அந்த ஊருக்குப் போய்வந்துவிட்டாள். புதன்கிழமை காலையில் நான் சைக்கிளைப் பூட்டுவதற்குள் எதிரே வந்து நின்றாள்.

"சார், நீங்க ஒரு தடவ வந்து பாருங்க."

"என்னத்தப் பார்க்கறது? அனுப்பியாச்சு. உன்ன யாரு போகச் சொன்னது?"

"யாரும் சொல்லல. யாரும் சொல்ல மாட்டாங்கன்னுதான் போனேன்."

"அவன் நல்லவன்னு சொல்லப் போறே. எல்லாரும் நல்லவந்தான். தையல் போட்டது யாரு மண்டைக்கு?"

"நல்லவன்னு நான் எப்ப சார் சொன்னேன்? அப்படியே வீட்டுக்கு விட்டா ஞாயித்துக்கெழம மறுபடி அடிப்பான். அதுகூட உங்க பேப்பர்ல இல்ல."

ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துச் சொன்னாள் பாருங்கள், அங்கேதான் நான் மாட்டினேன். எங்கள் படிவம் மறுபடி குற்றம் செய்வான் என்று மொட்டையாகச் சொன்னது. இவள் கிழமையோடு சொல்கிறாள். கரித்துக்கொட்டிக்கொண்டே பஸ் ஏறினேன். பஸ்ஸில் உட்கார இடமில்லை. இறங்கியதும் இரண்டு மைல் நடை. வழியெல்லாம் ஒரு வார்த்தை அவளோடு பேசவில்லை. அவளும் பேசவில்லை, அது ஓர் ஆச்சரியம்.

இளங்கோவின் அம்மா வசந்தா வயலிலிருந்து முழங்கால் சேற்றோடு வந்தார். நட்டு இருபது நாள் ஆன பயிர். குத்தகை நிலம். கணவர் குவைத்துக்குப் போய் ஒன்றரை வருஷம். அவர் கிளம்பிய மாதமே இளங்கோ பள்ளியை விட்டு நின்றிருக்கிறான்.

"நான் போகச் சொல்லித்தான் சார் சொன்னேன். கேக்கல. அவங்கப்பா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ கடைத்தெரு பூத்துக்குப் போன் பண்ணுவாரு. ஒவ்வொரு தடவையும் அவன்ட்ட அதேதான் சொல்லுவாரு, 'நான் வர்ற வரைக்கும் வீட்டுக்கு நீதான்டா ஆம்பள'ன்னு. ஆம்பளன்னா என்ன செய்யணும்னு அவரும் சொல்லல, நானும் சொல்லல. அவனா ஒன்னு நினைச்சுக்கிட்டான்."

"பெரிய ஆளுங்களோட சுத்தறானாமே?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

"வாய்க்கா வெட்டறதுக்கும் முறை பேசறதுக்கும் இவன் வயசுப் பசங்க யாரு சார் வருவாங்க? எல்லாம் கிழவனுங்கதான். வயசுப் பசங்க துபாய்லயும் திருப்பூர்லயும் இருக்காங்க."

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். நிலத்துக்காரர் ஆள் அனுப்பியிருக்கிறாராம். பையன் திரும்பி வராமல் போனால் குத்தகையை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவாராம். "பொம்பள ஒருத்தி பயிர் பண்ணி எப்பக் கரையேறறது" என்றாராம்.

நான் அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா போனார், அதனால் பள்ளி போயிற்று. பள்ளி போனதால் நாள் முழுக்க வயலில். வயலில் இருந்ததால் பெரியவர்களோடு பழக்கம். கையில் மண்வெட்டி. ஒரே மாட்டை ஐந்து பக்கத்திலிருந்து பார்த்து ஐந்து மாடு என்று எழுதியிருக்கிறோம். மூன்றும் மூன்றும் மூன்றும் இரண்டும் இரண்டும். கூட்டல் சுத்தமாகச் சரி. காவிரித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நான், இந்த ஊர்ப் பிள்ளைக்கு மண்வெட்டி எதற்கு என்று தெரிந்த நான், அதை ஆயுதம் என்று எழுதி நகைச்சுவை வேறு பண்ணியிருக்கிறேன்.

"தங்கராசு வீடு எது?" என்று கேட்டேன். அடிபட்டவரைப் பற்றிப் பதினெட்டுக் கேள்வியில் ஒன்றுகூட இல்லை.

தங்கராசு தலையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி மல்லிகா நாற்காலி எடுத்துப் போட்டார். ஜமீலாவை முந்தின நாளே பார்த்திருந்ததால், "வாம்மா, சாரையும் அழைச்சிட்டு வந்துட்டியா" என்றார்.

"கால் மணி நேரம் முந்தி அடச்சேன் சார்" என்றார் தங்கராசு. "தப்புதான். என் பயிரும்தானே காயுது? அவன் அப்பன் இருந்தா ரெண்டு வார்த்த வைவான், நானும் வைவேன், முடிஞ்சுபோயிரும். இவன் வாயே தொறக்கல. வந்தான், போட்டான். பெரியப்பா பெரியப்பான்னு தோள்ல தொங்கின பய."

"இப்ப அவன் வீட்டுக்கு வந்தா?"

"வரட்டும். ஞாயித்துக்கெழம காலையில எட்டுலேர்ந்து பத்து அவன் முறை. பத்துக்கு மேல என் முறை. அவன் மண்வெட்டியோட வந்தா நானும் வெறுங்கையோட வர மாட்டேன். நாலு பேருக்கு முன்னாடி அடி வாங்கியிருக்கேன் சார்."

மல்லிகா தலையில் அடித்துக்கொண்டார். "ஒன்னுக்கு அறுபது வயசு, ஒன்னுக்குப் பதினாறு. ரெண்டுக்கும் ஒரே புத்தி."

பிள்ளைகளே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஆபத்து உண்டு. ஜமீலா சொன்னது போல அவனை அப்படியே விட்டால் அடிதடி நிச்சயம். ஆனால் அந்த ஆபத்துக்கு ஓர் இடம் இருந்தது, ஒரு மணி இருந்தது, எதிரே நிற்கும் ஓர் ஆள் இருந்தார். மடை, காலை எட்டிலிருந்து பத்து, தங்கராசு. மிச்ச நேரமெல்லாம் அவன் ஒரு பயிர்க்காரன். படிவம் அந்த இரண்டு மணி நேர ஆபத்தை எடுத்து அவன் உடம்பு முழுக்கப் பூசிவிட்டது. நீங்கள் திட்டம் எழுதும்போது, 'அறிவுரை வழங்கப்படும், கண்காணிக்கப்படும்' என்று எழுதுகிறீர்களே, எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வருகிறது. எந்த மடையில், எத்தனை மணிக்கு, யார் எதிரே என்று எழுதுங்கள். அது தெரியவில்லை என்றால் போய்த் தெரிந்துகொண்டு வந்து எழுதுங்கள்.

திரும்பும் வழியில் ஜமீலாதான் சொன்னாள். "சார், மடைக்கு அந்த ரெண்டு பொம்பளைங்க போனா என்ன? எங்க ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் வெளிநாட்டுல. சொத்துத் தகராறு, கல்யாணப் பேச்சு, பஞ்சாயத்து எல்லாத்தையும் பொம்பளைங்கதான் பேசி முடிப்பாங்க. சத்தம் வரும், ரத்தம் வராது." பாதி வழியிலேயே திரும்பிப் போய்க் கேட்டோம்; இரண்டு பெண்களும் சரி என்றார்கள், தங்கராசுவை மல்லிகாவே சம்மதிக்க வைத்தார்.

வியாழக்கிழமை அமர்வில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் குழுமத்தின் தலைவராக மாஜிஸ்ட்ரேட் அம்மா. என் பக்கத்தில் கண்காணிப்பாளர். நான் எழுந்து, "அம்மா, திங்கட்கிழமை நான் அனுப்பின அறிக்கை தப்பு. வேற திட்டம் கொண்டுவந்திருக்கேன்" என்றேன்.

கண்காணிப்பாளர் என் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. "என்னங்க இது! எட்டுப் பேர் கையெழுத்து இருக்கு!" என்று பல்லைக் கடித்தார்.

மாஜிஸ்ட்ரேட் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எட்டுப் பேர் பதின்மூணுன்னு போட்டிருக்கீங்க. இந்த எட்டுப் பேரும் எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாங்க?"

"என்னைப் பார்த்தும்மா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு அரைப் பக்கம் இருந்த எங்கள் புதிய திட்டத்தைப் படித்தார். முறை நாளில் இளங்கோ மடைக்குப் போகக் கூடாது, தங்கராசுவும் போகக் கூடாது. அவன் அம்மா போவார், தங்கராசுவின் மனைவி வருவார். அந்த நேரத்தில் இளங்கோவோடு நான் இருப்பேன், தங்கராசுவின் வீட்டில் ஜமீலா இருப்பாள். வயல் வேலை தணிந்ததும் இளங்கோ தனித்தேர்வுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"வர்ற திங்கட்கிழமை வரைக்கும் விடறேன்" என்றார். "ஞாயித்துக்கெழம அவன் மடையில கால வச்சான்னு தெரிஞ்சா, பழைய அறிக்கைப்படி அனுப்பிடுவேன். அப்புறம் நீங்க இங்க வந்து நிக்காதீங்க."

வெளியே வராந்தாவில் திட்டத்தைச் சொன்னதும் இளங்கோ முகம் சிவந்துவிட்டது. அதுவரை அவன் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை.

"எங்கம்மாவ அனுப்பிட்டு நான் வீட்டுல உக்காந்திருக்கணுமா? ஊரே சிரிக்கும் சார்."

"சிரிக்கட்டும் தம்பி" என்றாள் ஜமீலா. "சிரிச்சா யாருக்கும் தையல் போட வேண்டாம்."

"அதுக்கு நான் உள்ளயே இருந்துட்டுப் போறேன்."

"இருந்துக்க. பயிர யாரு பாக்கறது?"

அவன் வந்து பஸ்ஸில் ஏறினான்.

ஞாயிற்றுக்கிழமை ஏழரை மணிக்கே போய்விட்டேன். எட்டு மணிக்கு வசந்தா மண்வெட்டி ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு மடைக்குப் புறப்பட்டார். வீட்டில் நானும் இளங்கோவும். அவன் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தான். "உக்காரு தம்பி" என்றேன், உட்காரவில்லை. டீ போட்டுக் கொடுத்தான், அதில் சர்க்கரை இல்லை. குவைத்தில் இப்போது மணி என்ன என்று கேட்டான். அவன் அப்பாவுக்கு இந்த ஏற்பாடு தெரிந்தால் என்ன சொல்வாரோ என்று அவனுக்குக் கவலை. எனக்கு மாஜிஸ்ட்ரேட் என்ன சொல்வாரோ என்று கவலை.

ஒன்பதரை மணி இருக்கும். மடைப் பக்கமிருந்து சத்தம் கேட்டது. பெண்கள் குரல். சாதாரணப் பேச்சு இல்லை, கத்தல். நடுவில் ஓர் ஆண் குரலும் கேட்டது.

இளங்கோ ஒரே எட்டில் கொல்லைக்குப் போய் இன்னொரு மண்வெட்டியை எடுத்துவிட்டான். நான் வாசலை மறித்து நின்றேன். நிற்கும்போதே தெரிந்தது, இவன் தள்ளினால் நான் விழுவேன் என்று. அவனுக்கும் தெரியும். கையைப் பிடித்து இழுத்தால் அவன் இன்னும் முறுக்குவான். போகாதே என்றால் என்னைத் தாண்டிப் போவான், போனால் எல்லாம் முடிந்தது. சட்டம் பேச நேரமில்லை. அங்கே கத்துவது அவனைப் பெற்றவள்.

"மண்வெட்டிய இங்க வை" என்றேன். "வச்சுட்டு வா. ரெண்டு பேரும் களத்து மேடு வரைக்கும் போவோம். அங்கேர்ந்து பார்த்தா மடை தெரியும். அதத் தாண்டக் கூடாது. உங்கம்மா மேல யாராவது கை வச்சா நான் முதல்ல ஓடறேன், நீ பின்னாடி வா."

இது திட்டத்தில் இல்லை. எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. சரியா தப்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் என்னைப் பார்த்தான். மண்வெட்டியைச் சுவரில் சாத்தினான். அது நேராக நிற்காமல் சரிந்து விழுந்தது. அதை எடுக்க அவன் குனியவில்லை.

களத்து மேட்டுக்கு ஏறக்குறைய ஓடினோம். எதிர்ப்பக்கத்து வரப்பில் தங்கராசுவும் சத்தம் கேட்டு வந்து நின்றுகொண்டிருந்தார். தலையில் கட்டு, கையில் ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் ஜமீலா அவர் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஏதோ அதைப் பிடித்தால் அவரை நிறுத்திவிடலாம் என்பது போல. அவர் இவனைப் பார்த்தார். இவன் அவரைப் பார்த்தான்.

மடையில் வசந்தாவும் மல்லிகாவும் ஒரே கரையில் நின்றிருந்தார்கள். எதிரே லஸ்கர், வாய்க்கால் ஷட்டரைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆள். நேரம் ஆகும் முன்னாலேயே ஷட்டரை இறக்க வந்திருக்கிறார். இறக்கினால் வசந்தாவுக்கு அரை மணி நேரம் போகும், மல்லிகாவின் முறை முழுசாகப் போகும்.

"மேல உத்தரவும்மா, நான் என்ன பண்றது!"

"எந்த மேல? அந்த மேலயக் கூப்புடு, நாங்க பேசறோம்!" இது மல்லிகா.

வசந்தா ஷட்டரைத் திருகும் சக்கரத்தின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். "பத்து மணிக்கு என் முறை முடியும், அதுக்கப்புறம் அக்கா முறை. அது முடிஞ்சப்புறம் வா. இப்ப தொட்டேன்னா பாரு! எம் புருஷன் ஊர்ல இல்லேன்னு நினைச்சியா? நான் இருக்கேன்டா ஊர்ல!"

லஸ்கர் இரண்டு கையையும் தூக்கிவிட்டு சைக்கிளைப் பார்த்து நடந்தார்.

இளங்கோ வாயைத் திறந்தபடி நின்றான். "சார்" என்றான், மெதுவாக. "எங்கம்மா இப்படியெல்லாம் பேசுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அவன் கால் தன்னை அறியாமல் மேட்டை விட்டு ஓரடி இறங்கியது. அங்கிருந்தே வசந்தா பார்த்துவிட்டார்.

"டேய், அங்கயே நில்லு! இன்னும் அரை மணி நேரம் இருக்கு எனக்கு!"

நின்றான்.